வரி கட்டாத மெத்தை

மோர் டம்ளரை வாயருகே கொண்டுபோனாலும் ஐயம்பெருமாள் உடனே வாயைத் திறப்பதில்லை. முதலில் டம்ளரைப் பார்ப்பார். பிறகு கொண்டுவந்த ஆளைப் பார்ப்பார். அதன் பிறகு வலது கை விரல் முட்டியால் கட்டிலின் இரும்புக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவார். டக், டக். அப்புறம்தான் மோர் உள்ளே போகும். மாத்திரைக்கும் இரண்டு தட்டு, இன்சுலின் ஊசிக்கும் இரண்டு தட்டு. அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்றாலும் நான் கைகளைத் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கொடுத்துவிட்டு அந்தத் தட்டுக்காகக் காத்து நிற்க வேண்டும்.

கேரள எல்லையில், விற்பனை வரிச் சோதனைச்சாவடி ஒன்றில் பிடித்த பழக்கம் இது. லாரி வந்து நிற்கும். டிரைவர் பில்லை நீட்டுவான். பில்லும் சரக்கும் ஒத்துப்போனால் ஐயம்பெருமாள் லாரியின் பக்கப் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். போகலாம் என்று அர்த்தம். ஒத்துப்போகாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"நான் சத்தம் போட மாட்டேன் சிஸ்டர். ஒருத்தனையும் ஒரு வார்த்தை வஞ்சதில்ல. தட்ட மாட்டேன், அவ்வளவுதான். தேக்குத் தடி ஏத்திட்டு வந்தவன் மூணு நாள் அங்கனயே கெடந்து சமைச்சுத் தின்னுருக்கான். முப்பத்தொரு வருஷம். ஒரு கள்ள பில்லுக்கு இந்தக் கை தட்டினது கெடையாது."

இப்போது வயது அறுபத்தேழு. வண்ணார்பேட்டையில் சொந்த வீடு. வாசல் அறையிலேயே கட்டில். இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்தது. கம்பை ஊன்றி நடந்துகொண்டிருந்தவர் போன ஐப்பசியில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து படுக்கை. சர்க்கரையும் உண்டு. உடம்பில் கெடாமல் இருப்பவை மூன்று: நாக்கு, வலது கை, ஞாபகம். முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான் காலையும் மாலையும் போய்க் குளிப்பாட்டி, புண்ணைக் கட்டி, புரட்டிவிட்டு வருகிறேன். மற்ற நேரமெல்லாம் அவர் மனைவி சுடலைவடிவின் பொறுப்பு.

தலைமாட்டு ஜன்னலில் ஒரு குத்துக்கம்பி இருக்கிறது. கடைகளில் பில்களைக் குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு பொருளின் பில்லும் அவர் கைக்குப் போய், பார்வையிடப்பட்டு, கம்பியில் ஏற வேண்டும். எதற்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்பது அவருக்கு மனப்பாடம். இளநீருக்கு இல்லை, சோடாவுக்கு உண்டு. உதிரிப் பூவுக்கு இல்லை, ஊதுபத்திக்கு உண்டு. ஒருநாள் அவரும் வடிவும் பேசிக்கொண்டது இது:

"ஏட்டி, சோப்புக்கு பில்லு வரலையே?"

"சோப்பே கரைஞ்சு போச்சு. நீங்க இன்னும் பில்லக் கேட்டுட்டு கெடங்க."

"சோப்பு கரையும். பில்லு எங்கட்டி கரையும்?"

"எல்லாம் கூட்டுறவு ஸ்டோர்லதான் வாங்கினேன். அவன் கொட்டாவி விட்டாக்கூட பில்லு போடுவான். தேடித் தாரேன், பேசாம கெடங்க."

பில்லை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கடையின் பேரைப் பார்க்கக் கூடாது. பேருக்குக் கீழே வரித் துறை கொடுத்த பதிவு எண் இருக்கிறதா, மூலையில் அச்சடித்த வரிசை எண் இருக்கிறதா, இந்த இரண்டை மட்டும்தான் பார்க்க வேண்டும். இருந்தால், வசூலித்த வரியைக் கடைக்காரன் கணக்கில் காட்டியே தீர வேண்டும். இல்லாவிட்டால் அவன் சட்டைப்பைக்குப் போகும். "ரெண்டு நம்பரும் இல்லன்னா அது பில்லு இல்ல சிஸ்டர், லவ் லெட்டரு" என்பார். ஒரு சீட்டைக் கையில் வாங்கி, லவ் லெட்டரா இல்லையா என்று சொல்ல அவருக்குக் கண் இமைக்கும் நேரம் போதும்.

மார்கழியில் அவர் முதுகுத்தண்டு முடியும் இடத்தில் ஒரு சிவப்பு தெரிந்தது. விரலால் அழுத்தினால் அப்படிச் சிவந்த இடம் வெளுத்து, விட்டால் மறுபடி சிவக்க வேண்டும். இது வெளுக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டினால் படுக்கைப்புண் வராது என்பது நான் படித்த படிப்பு. வடிவு மாதிரி முழங்கால் வலிக்காரி ஒருத்தி, அறுபத்திரண்டு வயதில், எழுபது கிலோ ஆளை நாளுக்குப் பன்னிரண்டு தடவை புரட்ட முடியாது என்பது நான் கண்ட அனுபவம். தை மாதம் தோல் பிய்ந்து ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் ஆனது. டாக்டர் வந்து பார்த்து, புண்ணின் மேல் பாரம் விழாத மெத்தை உடனே வாங்கச் சொன்னார்.

மகன் மகாராஜன் அமெரிக்காவில் இருக்கிறான். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கிற அன்று கம்ப்யூட்டர்களெல்லாம் தேதி தெரியாமல் நின்றுவிடும் என்கிறார்களே, அதைச் சரி செய்யப் போன கூட்டத்தில் ஒருவன். தகப்பனுக்குப் புண் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இன்டர்நெட்டில் ஒரு கடையைப் பிடித்து, மெத்தை வாங்கிவிட்டான். மாசி முதல் வாரம், விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்த அவன் சிநேகிதன் அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து இறக்கினான். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் படம். படுத்துக்கொண்டு சிரிக்கிறார். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். முட்டைத் தட்டு மாதிரி சின்னச் சின்னக் காற்றறைகள், காற்றடிக்கக் கையளவு பம்பு. நல்ல சாமான். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்படி ஒன்று கிடையாது.

ஐயம்பெருமாள் மெத்தையைப் பார்க்கவில்லை. பில்லைக் கேட்டார். கஸ்டம்ஸில் காட்டினார்களா என்று சிநேகிதனைக் கேட்டார். காட்டினேன், சலுகைக்குள் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள் என்றான் அவன். "சரி, அது செண்ட்ரல்காரன் பாடு" என்று பில்லுக்குத் திரும்பினார். வரி என்ற இடத்துக்கு எதிரே ஒரு பூஜ்யம் இருந்தது.

கை கட்டில் கம்பிக்குப் போகவில்லை. நெஞ்சின் மேலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் போன் செய்வான். கையில் எடுக்காமலே பேசுகிற போன் ஒன்றை வாங்கிக் கொடுத்திருப்பதால் வீடு முழுக்கக் கேட்கும்.

"அப்பா, மெத்தை வந்துட்டா?"

"வந்துட்டு. வரிக்கு சைபர் போட்டிருக்கானே, ஏம்லே?"

"கடை வேற ஸ்டேட்டுல இருக்குப்பா, நான் வேற ஸ்டேட்டுல இருக்கேன். இப்படிக் கம்ப்யூட்டர்ல வாங்குனா இங்க கடைக்காரன் வரி போட மாட்டான். எல்லாரும் இப்படித்தான் வாங்குதாங்க. கள்ளத்தனம் ஒண்ணும் இல்ல."

"நீ இருக்கிற ஊர்ல இதே மெத்தைய விக்கிற கடை இருக்கா?"

"இருக்கு."

"அவன் வரி போடுவானா?"

"போடுவான். அதான் அங்க வாங்கல."

"அவன் வாடகை குடுத்து, லைட்டு போட்டு, ஆள் வச்சு, வர்றவங்கிட்ட வரியும் வாங்கிக் கட்டுதான். இவன் பொட்டிக்குள்ள ஒளிஞ்சிருந்து விக்கான், இவனுக்கு வரி கெடையாது. பெட்டி உன் வீட்டுக்கு எந்த ரோட்டு வழியாலே வந்துச்சு? ஆகாசத்துலயா பறந்து வந்துச்சு? பாண்டிச்சேரியில காரு வாங்கி இங்கன ஓட்டினவனையே இங்க வந்து வரி கட்டணும்னு வச்சோம், தெரியுமா?"

"அப்பா, இதப் பத்தி இங்கயே பெரிய சண்டை நடக்கு. கட்டணுங்கான் ஒருத்தன், கட்ட வேண்டாங்கான் ஒருத்தன். அவங்க முடிவு பண்ணட்டும். உங்களுக்கு முதுகுல புண்ணு. மொதல்ல படுங்க."

"முடிவாவட்டும். படுக்கேன்."

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "முப்பத்தொரு வருஷம் வசூல் பண்ணிக் குடுத்தீங்களே, அந்த கவர்மெண்டு உங்களுக்கு ஒரு மெத்தை குடுத்துச்சா?"

"பென்ஷன் குடுக்கு. சிஸ்டருக்குச் சம்பளம் அதுலதான். இங்கனதான் நிக்காங்க, கேட்டுக்கோ."

என்னை இழுக்க வேண்டாம் என்று நான் சொன்னேன்.

அவர் சும்மா இருக்கவில்லை. அந்த மெத்தைக்கு உண்டான வரியைத் தானே கட்டிவிடுகிறேன், எந்தத் தலைப்பில் கட்ட வேண்டும் என்று பழைய ஆபீசுக்கு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல, வடிவு எழுதிப் போட்டாள். பத்து நாள் கழித்து ஞானசிகாமணி நேரிலேயே வந்தார். ஐயம்பெருமாளின் கீழே கிளார்க்காக இருந்து இப்போது ஒரு படி ஏறியிருப்பவர். வந்தவர் நாற்காலியைக் கட்டிலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். புண்ணின் வாடை அப்போதே அறையில் நிற்க ஆரம்பித்திருந்தது.

"சார், கடைக்காரன் கட்டுறதுக்கு ஃபாரம் இருக்கு. வாங்கினவரு வந்து கட்டுறேன்னு நின்னா, அதுக்கு நம்மகிட்ட ஃபாரமே கெடையாது சார்."

"அப்ப வெள்ளத்தாள்ல எழுதி வாங்கிக்கிடும்."

"வாங்கி எந்தக் கணக்குல வைக்க? கம்ப்யூட்டர்ல வாங்குனா என்ன செய்யணும்னு மெட்ராஸ்லயே ஒருத்தருக்கும் தெரியாது சார்."

"நாளைக்கு ஊரே அப்படி வாங்குச்சுன்னா உமக்கு யாருவே சம்பளம் குடுப்பா?"

"அதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன் சார்" என்றார் ஞானசிகாமணி. வடிவுகூடச் சிரித்துவிட்டாள். ஐயம்பெருமாள் சிரிக்கவில்லை. காபியை முழுசாகக் குடிக்காமலே ஞானசிகாமணி எழுந்து போனார்.

பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதன் மேல் நான் என் வெந்நீர்ப் பேசினை வைத்துக்கொண்டேன். சிரிக்கிற கிழவர் முகத்தில் டெட்டால் சொட்டிச் சொட்டி வெளுத்துப்போனார். புண் எலுமிச்சம்பழம் புகுகிற அளவுக்குக் குழிந்தது. ஓரங்களில் செத்த சதை கருத்துத் தொங்கியது. அதைக் கத்திரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி எடுப்பது என் வேலை. செத்த சதைக்கு வலி கிடையாது. அதற்குப் பக்கத்தில் இருக்கிற உயிருள்ள சதைக்கு உண்டு. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்.

நினைவோடு இருக்கிற நோயாளி வேண்டாம் என்று சொன்னதை அவர் உடம்புக்கு நான் செய்வதில்லை. அது என் தொழிலின் ஒழுங்கு. ஆனால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஒழுங்கு இல்லை. ஒருநாள் சொன்னேன்:

"சார், இன்னும் ஒரு வாரத்துல எலும்பு தெரியும். எலும்புல சீழ் பிடிச்சா ரத்தத்துல ஏறும். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல."

"தெரியும் சிஸ்டர். மெத்தையே வேண்டாம்னா சொல்லுதேன்? ஜங்ஷன்ல அகமது மீரான் கடையில வாட்டர் பெட்டு இருக்கும். இந்த ஊர்ல கடை வச்சு இந்த ஊருக்கு வரி கட்டுதவன். அங்க போயி, பில்லு போட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க அவள."

இதை அவர் முதல் தடவை சொல்லவில்லை. எப்போது சொன்னாலும் வடிவு அடுப்படிக்குள் போய்விடுவாள். முழங்கால் வலி என்று நினைத்தேன். சிக்கனம் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. புழக்கடையில் சேர்ந்து போர்வை பிழிந்துகொண்டிருக்கும்போதுதான் சொன்னாள்.

"அந்தக் கடைன்னு இல்ல சிஸ்டர். ஜங்ஷன்ல எந்தக் கடைக்கும் நான் போறதில்ல. டவுனுக்கும் போறதில்ல. என் மூஞ்சி எல்லாத்துக்கும் தெரியும்."

கடைக்காரன் பில் இல்லாமல் விற்கிறானா என்று பார்க்க வரித் துறையில் ஓர் ஏற்பாடு உண்டு. யாராவது ஓர் ஆளை வாங்குகிறவர் மாதிரி உள்ளே அனுப்புவார்கள். ஆபீஸ் பியூன்களின் முகம் கடைக்காரர்களுக்கு அத்துப்படி. அதனால் ஊர் ஆபீசில் இருந்த காலத்தில் ஐயம்பெருமாள் தன் மனைவியை அனுப்பினார். எட்டு வருஷத்தில் இருபது, இருபத்தைந்து கடை. அவள் போய், பில் வேண்டாம், குறைத்துக் கொடுங்கள் என்று கேட்பாள். கொடுத்து முடித்ததும் அவர் உள்ளே நுழைவார்.

"மீரான் அண்ணாச்சி கடைக்கு என்ன சொல்லிட்டுப் போனேன் தெரியுமா? எங்க அம்மா படுத்த படுக்கையா கெடக்கா, முதுகு பூரா புண்ணு, காத்து அடைக்கிற ரப்பர் வளையம் ஒண்ணு வேணும், கையில துட்டு இல்லன்னேன். எங்க அம்மா அன்னைக்கு ஏரல்ல மாடு கறந்துட்டு இருக்கா. பாவம் தாயின்னு அவராவே வரியத் தள்ளிக் குடுத்தாரு. பில்லு போட்டா வரி வருமே, வேண்டாம்னு அவரே சொன்னாரு. இவிய உள்ள வந்தாவ."

அந்த ஒரு ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருஷக் கணக்கைத் தோண்டினார்கள். அபராதம் கட்ட மீரானின் தகப்பனார் மேலப்பாளையத்து வீட்டை விற்றார். இரண்டு கதவுக் கடை ஒரு கதவாகச் சுருங்கியது. பதினான்கு வருஷம் ஆகிவிட்டது.

"மகாராஜன் இப்படி வாங்கிட்டேன்னு சொன்னதும் எனக்கு என்னா நிம்மதி தெரியுமா? கம்ப்யூட்டருக்கு என் மூஞ்சி தெரியாது பாருங்க."

நான் போய் வாங்கி வருகிறேன் என்றேன். வடிவு போர்வையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு யோசித்தாள்.

"நீங்க போயி நின்னா யாருக்குன்னு கேப்பாரு. பேரச் சொன்னா குடுப்பாரோ மாட்டாரோ. சொல்லாம வாங்குனா, நான் செஞ்சதைத்தான் நீங்களும் செஞ்ச மாதிரி. வேண்டாம்."

பங்குனியில் புண்ணுக்குள் எலும்பு தெரிந்தது. வெள்ளையாக, ஒரு பல் அளவுக்கு. சாயந்திரமானால் காய்ச்சல். வடிவை அழைத்துக் காட்டினேன். காட்டாமல் இருப்பது கருணை என்று நினைக்கிறவர்கள் உண்டு, நான் அப்படி நினைப்பதில்லை. பார்த்தாள். கையைக் கழுவினாள். சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். "நீங்களும் வாங்க சிஸ்டர். பேச வேண்டாம். பக்கத்துல நின்னா போதும்."

பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு ஆட்டோவில் போனோம். பாலத்தில் போகும்போது ஆற்றைப் பார்க்காமல் தன் மணிபர்ஸையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு கதவுக் கடை. மேலே கொக்கியில் சக்கர நாற்காலி ஒன்று தொங்கியது. சுவரோரம் ஊன்றுகோல்களும் வாக்கர்களும். அகமது மீரானுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெள்ளைத் தொப்பி, கனத்த கண்ணாடி. "வாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னவர், வடிவைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"என்ன வேணும்?"

"வாட்டர் பெட்டு."

"யாருக்கு? அம்மாவுக்கா?"

வடிவு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவியளுக்கு" என்றாள்.

 மீரான் என் பக்கம் திரும்பி, புண் எங்கே, எவ்வளவு ஆழம், ஆள் என்ன எடை, கட்டில் இரும்பா மரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விகள் அத்தனையும் கேட்டார். எலும்பு தெரிகிறது என்றதும் உச்சுக்கொட்டினார். பரணில் ஏறி ஒரு ரப்பர்ச் சுருளை இறக்கி, தூசி தட்டி, வாயால் காற்றடித்து, ஒவ்வொரு ஒட்டிலும் காதை வைத்துக் கசிகிறதா என்று பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கெடக்கு. ரெண்டு வருஷமாச்சு. வருவாங்க, தொட்டுப் பாப்பாங்க, கட்டிலுக்கு அளவு கேப்பாங்க, தண்ணி எப்படி ஊத்தணும்னு எல்லாம் எங்கிட்ட கேட்டுக்கிடுவாங்க. பிறவு போனப் போட்டு பாண்டிச்சேரியில இருந்து பார்சல்ல வரவழைச்சுக்கிடுவாங்க. வரி கொறவுல்லா! அந்தப் பார்சல எவனும் பிடிக்க மாட்டான். என்னப் பிடிக்கத்தான் ஆள் இருந்துச்சு."

காற்றை இறக்கி, மறுபடி சுருட்டி மேஜை மேல் வைத்தார். வடிவை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"பில்லு வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"வரி கூடும்."

"கூடட்டும்."

மீரான் மேஜை டிராயரை இழுத்தார். மேலே இருந்த பில் புத்தகத்தை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்த புத்தகத்தை எடுத்து எழுதினார். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. கிழித்து நீட்டினார். வடிவு பணத்தைக் கொடுத்து, அதை வாங்கி, படிக்காமல் பர்ஸில் வைத்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான்..."

"தண்ணி முக்கால்வாசி ஊத்துங்க. நெறைய ஊத்தினா பாறை மாதிரி ஆயிரும்" என்றார் மீரான். ஈரத் துணியை எடுத்து, சுருள் இருந்த இடத்தில் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார். நாங்கள் படியிறங்கினோம்.

வீட்டுக்குள் வந்ததும் வடிவு செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மெத்தைச் சுருளை நெஞ்சோடு பிடித்தபடி நேராகக் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றாள். சேலை முதுகில் ஒட்டியிருந்தது. அவருக்குக் காய்ச்சல் ஏறிக் கண் சிவந்திருந்தது.

"போனியாட்டி? மீரான் கடைக்கா?"

"போனேன்."

"பில்லு."

அவள் கொடுத்தாள். நான் அவர் தலைக்குப் பின்னால் நின்று கண்ணாடியை மாட்டிவிட்டேன். அங்கிருந்து எனக்கும் சீட்டு தெரிந்தது. கடையின் பேர், தேதி, வாட்டர் பெட் ஒன்று. அதற்குக் கீழே வரி என்று தனியாக எழுதி ஒரு தொகை. பேருக்குக் கீழே பதிவு எண் இல்லை. மூலையில் வரிசை எண்ணும் இல்லை.

கண் இமைக்கும் நேரம் போதும் அவருக்கு. ஆனால் அவர் சீட்டை வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவன் என்ன கேட்டான்?"

"பில்லு வேணுமா, வேண்டாமான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"வேணும்னேன். வரி போட்டுத்தான் குடுத்தாரு. எழுதியிருக்காரு, பாருங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார். கையிலிருந்த சுருளைப் பார்த்தார், காலில் இருந்த செருப்பைப் பார்த்தார். அந்த வீட்டுக்குள் செருப்போடு ஒருவரும் நடப்பதில்லை. 

குத்துக்கம்பி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் கை அங்கே போகவில்லை. சீட்டை நெஞ்சின் மேல் வைத்து ஒற்றைக் கையால் மடித்தார். இரண்டாக, பிறகு நான்காக. ஒரு கையால் மடிப்பதற்கு நேரமாகும். மடித்ததை உள்ளங்கைக்குள் வைத்து மூடினார். மூடிய அந்தக் கையாலேயே கட்டில் கம்பியில் தட்டினார்.

டக், டக்.